அறுந்த மணிமாலையை எதில் கோப்பது: நரம்பா, கியர் ஒயரா, பட்டா, இல்லை கடையிலேயே கொடுத்துவிடலாமா?

மணிமாலை அறுந்தால் நம் வீடுகளில் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். அறுந்த முனைகளைப் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டு அன்றைக்கே மறுபடி கழுத்தில் ஏற்றிக்கொள்வோம். இல்லையென்றால் மணிகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு, 'அப்புறம் கோத்துக்கலாம்' என்று பீரோ மேல்தட்டில் வைத்துவிடுவோம். முடிச்சுப் போட்டது சீக்கிரமே வேறு இடத்தில் அறும், ஏனென்றால் நூல் ஓரிடத்தில் மட்டும் இற்றுப்போவதில்லை. டப்பாவுக்குள் போனது பெரும்பாலும் கழுத்துக்குத் திரும்பி வருவதில்லை.

வடசென்னைக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் சாக்குச் சொல்ல இடமே இல்லை. காசிமேட்டில் தூண்டில் நரம்பு கிடைக்கிறது. பாரிமுனையில் இறங்கி நாராயண முதலி தெரு, காசி செட்டித் தெருப் பக்கம் நடந்தால் ஃபேன்ஸி சாமான் கடைகளில் மணி, கொக்கி, வளையம் எல்லாம் வாங்கலாம். சவுகார்பேட்டைக்குள் நுழைந்து நகைக்கடைகளில் விசாரித்தால் கோத்துத் தருகிற ஆளையே காட்டிவிடுவார்கள். எதை வாங்குவது, எதைக் கடையில் கொடுத்துவிடுவது என்பதில்தான் குழப்பம்.

நிறையப் பேர் மாலையின் விலையை வைத்து முடிவெடுக்கிறார்கள். விலை உயர்ந்ததென்றால் கடை, மலிவென்றால் கைக்குக் கிடைத்த நூல். நான் பார்ப்பது மணியின் துளையை. துளை சிறிதா பெரிதா, விளிம்பு வழவழப்பா கூர்மையா, மணி கனமா லேசா. இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் எந்த நூல் என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அறுந்த இடம் சொல்லும் சேதி

மாலை அறுந்ததும் மணி பொறுக்கக் குனியாதீர்கள். கையில் மிச்சமிருக்கும் சரத்தின் இரண்டு முனையிலும் முதலில் செல்லோடேப் ஒட்டுங்கள். பிறகு செல்போன் டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடியுங்கள். கடுகளவு பாசிக்குக்கூட நீளமாக நிழல் விழும், கட்டிலடியில் ஓடியதும் தெரிந்துவிடும். பொறுக்கியதைப் போட எவர்சில்வர் தட்டு வேண்டாம், உருண்டோடும். தட்டில் ஒரு துண்டை விரித்து அதன்மேல் போடுங்கள்.

மணி சிறிதும் பெரிதுமாக வரிசையாகக் கோத்த மாலை என்றால், பழைய அட்டைப்பெட்டியின் மேல்தாளை உரித்தால் உள்ளே நெளிநெளியாக இருக்குமே, அந்தப் பள்ளத்தில் அடுக்கி ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அறுந்த முனையைப் பாருங்கள். கொக்கிக்குப் பக்கத்தில் அறுந்திருந்தால், கொக்கியின் வளையம் நூலை உரசி உரசித் தின்றிருக்கிறது என்று அர்த்தம். அதே கொக்கியில் அதே மாதிரி கட்டினால் அதே இடத்தில் மறுபடி அறும். சரத்தின் நடுவில் வெட்டினாற்போல் அறுந்திருந்தால், ஏதோ ஒரு மணியின் துளை விளிம்பு கத்தியாக இருக்கிறது. நூல் பஞ்சு பஞ்சாகப் பிரிந்து அழுக்கேறியிருந்தால் வயசாகிவிட்டது, அவ்வளவுதான். நூலும் மணியும் அப்படியே இருக்க, கொக்கியை மாட்டும் வளையம் மட்டும் வாய் பிளந்திருந்தால் நீங்கள் தப்பித்தீர்கள். அந்த ஜம்ப் ரிங்கை இரண்டு இடுக்கியால் பிடித்து முன்னும் பின்னுமாகத் திருகி வாயைச் சேர்த்தால் முடிந்தது. வெளிப்பக்கமாக இழுத்து அகட்டினால் வட்டம் கெட்டுப்போகும், பிறகு சரியாகச் சேராது.

தூண்டில் நரம்பு

நம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இதுதான். "நரம்புல கோத்துக்கோம்மா, ஆயுசுக்கும் அறாது." மீன் இழுக்கிற நரம்புக்கு மணி எம்மாத்திரம் என்ற நியாயம். பலத்தைப் பொறுத்தவரை அது சரிதான். ஊசி வேண்டாம், முனையைச் சாய்வாக வெட்டினால் அதுவே ஊசி. துளை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் 0.25 மில்லிமீட்டர் நரம்பு நுழைந்துவிடும். கண்ணாடி மணிக்குள் நூல் தெரியாது. விலையும் கொஞ்சம்தான்.

ஆனால் நரம்புக்கு மூன்று குணம் உண்டு. சுற்றி வைத்த வளைவை அது மறப்பதில்லை. லேசான மணியைக் கோத்தால் மாலை கழுத்தில் படியாமல் விறைத்துக்கொண்டு நிற்கும். இரண்டாவது, வெயிலும் வருஷமும் ஏற ஏற உள்ளுக்குள் உலர்ந்து, ஒரு நாள் தொட்டதும் ஒடியும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, எச்சரிக்கையே கிடையாது. மூன்றாவது, வழவழப்பாக இருப்பதால் முடிச்சு நழுவும். முடிச்சை எச்சிலாலோ தண்ணீராலோ நனைத்து இறுக்கி, மிச்ச வாலை மூன்று நான்கு மணிக்குள் திரும்பச் செலுத்தினால்தான் நிற்கும். நெருப்புக் காட்டி முனையைக் குமிழாக்குவதென்றால் முடிச்சிலிருந்து தள்ளிச் செய்யுங்கள். சூடு பட்ட நரம்பில் பலம் இருக்காது.

ஆக, பிளாஸ்டிக் மணி, பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்குப் போடும் மாலை, நாளைக்குக் கல்யாணத்துக்குப் போயாக வேண்டும் என்கிற அவசரம், இவற்றுக்கு நரம்பு. பல வருஷம் இருக்க வேண்டிய எதற்கும் நான் அதைத் தொடமாட்டேன்.

ஒற்றை இழையாக இல்லாமல் மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்த தூண்டில் நூலும் உண்டு. அதன் கதையே வேறு. பின்னியதாதலால் துவண்டு கிடக்கும், முடிச்சும் நிற்கும். சிறுபாசி வேலை செய்கிறவர்கள் உலகம் முழுக்க விரும்பி வாங்கும் சில நூல்கள் மீன்பிடிக்கச் செய்யப்பட்டவைதான். அறுந்தது சிறுபாசி மாலை என்றால் கடையில் பின்னிய நூலையே கேட்டு வாங்குங்கள். நல்ல கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள், முனை மழுங்கும்.

நைலான் முறுக்குநூல்

வீட்டில் ஒரே ஒரு நூல்தான் வாங்கி வைக்கலாம் என்றால் என் ஓட்டு இதற்கு. பல இழைகளை முறுக்கிய நைலான் நூல், மணி கோக்கவென்றே சுருளாக விற்பது. வியர்வையில் இற்றுப்போகாது, நனைந்தாலும் கெடாது, முடிச்சுப் பிடிக்கும், கழுத்தில் படிந்து உட்காரும். ருத்ராட்சம், வழவழப்பான ஸ்படிகம், மரமணி, நடுத்தரக் கண்ணாடி மணி எல்லாவற்றுக்கும் பொருந்தும். கோப்பதற்கு முன் ஒரு மெழுகுவர்த்தியின் மேல் நூலை இரண்டு முறை இழுத்துக்கொண்டால் இழை பிரியாது.

அவசரத்துக்குத் தையல் மெஷினில் போடும் பாலியெஸ்டர் நூலை நாலு இழையாக்கிக் கோத்தால்கூடப் பரவாயில்லை. பூ கட்டும் நூல் மட்டும் வேண்டாம். பருத்தி, வியர்வை, நம் ஊர்க் கடற்காற்று மூன்றும் சேர்ந்தால் நூல் சீக்கிரமே இற்றுவிடும்.

முடிச்சின்மேல் ஃபெவிக்விக் மாதிரி பசையை ஊற்றும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பசை நூலுக்குள் ஊறி அந்த இடத்தை முள்ளாக விறைக்கச் செய்யும், விறைத்த இடத்துக்கு அடுத்தாற்போலத்தான் அடுத்த முறை அறும். பருத்தி நூலாக இருந்தால் பசை பட்டதும் சூடுகூட ஏறும், விரல் ஜாக்கிரதை. ஊசிமுனை அளவு நிறமில்லாத நகப்பூச்சு போதும்.

கியர் ஒயர்

கூர்மையாகப் பட்டை தீட்டிய கிறிஸ்டல், கல்மணி, கனமான சுடுமண் மணி. இவை நூலை அறுக்கும், நைலானாக இருந்தாலும் விடாது. இவற்றுக்குத்தான் கடையில் கியர் ஒயர் என்று விற்கும் சாமான். மெல்லிய எஃகு இழைகளை முறுக்கி, மேலே நைலான் பூசியது. 0.38 மில்லிமீட்டர் தடிமன் பெரும்பாலான மாலைக்குப் போதும். ஏழு இழை கொண்டது விறைப்பு, விலை குறைவு. இழைகள் கூடக் கூடத் துவளும். 49 இழைக்காரன் கிட்டத்தட்ட நூல் மாதிரியே விழுவான், விலையும் அப்படி.

இதில் முடிச்சுக்கே வேலையில்லை. கியர் லாக் என்று ஒரு பொடிக்குழாய் விற்கும். ஒயரை லாக்குக்குள் விட்டு, கொக்கி வளையத்தைச் சுற்றி, மறுபடி அதே லாக்குக்குள் கொண்டுவந்து, இடுக்கியால் நசுக்க வேண்டும். நசுக்குவதற்கு முன் கவனிக்க வேண்டியது இரண்டு. கொக்கியைச் சுற்றிய கண்ணி கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும், கொக்கி அசைய வேண்டும். சரத்திலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். இறுக்கிக் கோத்தால் மாலை கம்பியாக நிற்கும், மணியும் மணியும் அரைபடும். வால் ஒயரை இரண்டு மூன்று மணிக்குள் ஒளித்துவிட்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் கழுத்தைக் குத்திக்கொண்டே இருக்கும். ஒரு தடவை நசுக்கிய லாக் மறுபடி உதவாது, பத்துப் பன்னிரண்டு கூடுதலாகவே வாங்குங்கள். ஒயர் ஒரு முறை மடங்கிவிட்டால் அந்தக் கூன் நிமிராது என்பதும் நினைவிருக்கட்டும். சுருட்டி வைக்கும்போதே பார்த்துச் சுருட்டுங்கள்.

நம் பக்கத்துக் காற்றுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. மலிவான லாக்கும் கொக்கியும் செம்பிலோ பித்தளையிலோ முலாம் பூசியவை. உப்புக்காற்றும் வியர்வையும் பட்டு முலாம் போனதும் பச்சைக் களிம்பு பிடிக்கும், கழுத்தில் கறை விழும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொக்கி கொஞ்சம் விலை கூடினாலும் அதையே கேளுங்கள்.

குழந்தைகள் மாலைக்குக் கியர் ஒயர் கூடவே கூடாது. ஜன்னல் கம்பியிலோ ஊஞ்சலிலோ மாட்டிக்கொண்டால் மாலை அறுவதுதான் நல்லது, அறாமலிருப்பது ஆபத்து. மூன்று வயதுக்குக் கீழே என்றால் மணிமாலையே வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும்.

முத்தும் பவளமும்: பட்டு நூல்

முதலில் முத்து அசல்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்பல்லில் லேசாக உரசினால் அசல் முத்து நெறநெறக்கும், பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் வழுக்கும். இன்னும் எளிய வழி, துளை ஓரத்தை வெளிச்சத்தில் பார்ப்பது. போலி முத்தில் அங்கேதான் மேல்பூச்சு செதில் செதிலாக உரிந்து உள்ளே வேறு நிறம் தெரியும். போலி என்றால் முறுக்குநூலில் கோத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

அசலென்றால் பட்டுதான் அழகு. முத்து மிருதுவானது, ஒன்றோடொன்று உரசினால் மேல்பளபளப்பு தேயும். அதனால் ஒவ்வொரு முத்துக்கும் நடுவே ஒரு முடிச்சு விழவேண்டும். அறுந்தாலும் ஒரு முத்துதான் விழும், சரம் மொத்தமும் கல்யாண மண்டபத்துத் தரையில் சிதறாது. முத்தின் துளை பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, அதற்குள் நூல் இரட்டையாகப் போகவேண்டும். மணி கோக்கும் பட்டு நூல் அட்டையில் சுற்றி, முனையில் ஊசியோடு, 2 மீட்டர் நீளத்தில் ஆன்லைனில் கிடைக்கிறது. இரண்டாம் நம்பர் 0.45 மில்லிமீட்டர், நாலாம் நம்பர் 0.60. முடிச்சுப் போட்டுக் கோக்க, மாலை நீளத்தைப் போல நாலு மடங்கு நூல் வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வளையல் சுற்றுவதற்கு 'சில்க் த்ரெட்' என்று விற்பது பெரும்பாலும் செயற்கைப் பட்டு, அதில் முத்தைக் கோக்காதீர்கள்.

முடிச்சுதான் இதில் வித்தை. முத்தைத் தள்ளி வைத்து, தளர்வாக ஒரு வளையம் போட்டு, வளையத்துக்குள் ஒரு தடித்த ஊசியை விடுங்கள். ஊசியைச் சாய்த்துப் பிடித்தபடியே முடிச்சை முத்தின் வாசல்வரை நகர்த்துங்கள். அது முத்தைத் தொட்டதும் ஊசியை உருவிவிட்டு, கட்டைவிரல் நகத்தால் முடிச்சை முத்தோடு தள்ளி, இரட்டை நூலின் இரண்டு இழையையும் இரு பக்கமாகப் பிரித்து இழுங்கள். 'நக்' என்று இறுகும். பூ கட்டிப் பழகிய விரல்களுக்கு நாலைந்து முத்திலேயே கை வந்துவிடும். மற்றவர்கள் முதலில் பிளாஸ்டிக் மணியில் பழகிவிட்டு முத்துக்கு வரலாம்.

பட்டு இழுபடும் என்பதால் முதல்நாள் ராத்திரியே நூலில் ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள், அது நீளவேண்டியது அன்றைக்கே நீண்டுவிடும். கொக்கி உரசாமல் இருக்க ஆரி எம்பிராய்டரி வேலைக்கு விற்கும் ஜர்தோசி என்கிற மெல்லிய கம்பிச்சுருளில் ஒரு சென்டிமீட்டர் வெட்டி, நூலை அதற்குள் செலுத்திக் கொக்கியில் மாட்டுங்கள். நகைக்காரர்கள் முத்துமாலை முனையில் போடும் பொன்சுருளும் இதே மாதிரிதான். ஆரி கற்றுக்கொண்ட பெண் தெருவுக்கு ஒருத்தியாவது இருப்பாள், கேட்டால் ஒரு துண்டு தராமலா போவாள்?

பட்டின் குறை என்னவென்றால் வியர்வையை உறிஞ்சும், அழுக்குப் பிடிக்கும். அடிக்கடி போடுகிற முத்துமாலை என்றால் வருஷத்துக்கோ இரண்டு வருஷத்துக்கோ ஒரு முறை மாற்றிக் கோக்கத்தான் வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் மெல்லிய நைலான் முறுக்குநூலில் முடிச்சுப் போட்டுக் கோப்பதில் தப்பே இல்லை, உயிருள்ளவரை பட்டுதான் என்று அடம்பிடிக்க வேண்டாம்.

பவளத்துக்கும் இதே விதிதான். மண்ணடியில் பவளக்காரத் தெரு என்று ஒன்று இருக்கிறதே, 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவிலிருந்து வந்த யூத வணிகர்கள் மத்தியதரைக்கடல் பவளத்தை இங்கே இறக்கி, பதிலுக்குக் கோல்கொண்டா வைரத்தை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் நினைவாக மிஞ்சிய பெயர் அது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு பவளத்தைப் புளி போட்டுத் தேய்க்கிறோம். முத்தும் பவளமும் அடிப்படையில் சுண்ணாம்பு வகை. புளி, எலுமிச்சை, வினிகர் எதுவானாலும் அரித்துவிடும். கோப்பதற்கு முன் ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள், அது போதும். பூந்திக்கொட்டையும் தேய்ப்பும் தங்கத்தோடு நிற்கட்டும்.

எலாஸ்டிக்

கைக்குப் போடும் மணி வளையத்துக்கு மட்டும். கழுத்துமாலைக்கு எலாஸ்டிக் வேண்டாம், கனத்தில் தொங்கி இளித்துவிடும். கோப்பதற்கு முன் நன்றாக இழுத்துவிட்டுக் கோத்தால் பிறகு தளராது. சாதாரண முடிச்சில் இன்னொரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றி இறுக்கி, பெரிய துளையுள்ள மணிக்குள் ஒளித்துவிடுங்கள். எப்படிச் செய்தாலும் ஒரு நாள் விட்டுப்போகும். எலாஸ்டிக் என்றாலே தற்காலிகம்தான்.

எண்ணிக்கை உள்ள மாலைகள்

ராயபுரம் பக்கம் ஜெபமாலை, மண்ணடியில் தஸ்பீஹ், கோயிலுக்குப் போகிற வீடுகளில் ருத்ராட்சம். இவற்றில் ஒரு மணி தொலைந்தாலும் கணக்குத் தப்பும். பத்துப் பத்து மணியாக ஐந்து தொகுதி வரும் ஜெபமாலைக்கு, இடைமணிகளும் சேர்த்து 59 மணி, தஸ்பீஹுக்கு 33 அல்லது 99, ருத்ராட்ச ஜபமாலைக்கு 108, அதோடு மேரு என்கிற ஒரு தலைமணி. கோக்கும் முன் எண்ணுங்கள், கோத்தபின் ஒருமுறை எண்ணுங்கள். குறைந்தால் கொஞ்சம் நிறம் மாறினாலும் பரவாயில்லை என்று ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

ஜெபமாலையில் பெரும்பாலும் நூலே இருக்காது, ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு கம்பித்துண்டு, இரண்டு பக்கமும் கண்ணி. கண்ணி விரிந்ததுதான் 'அறுந்தது'. ஜம்ப் ரிங்குக்குச் சொன்ன அதே திருகல் வைத்தியம்தான். மூக்கு நீண்ட இடுக்கி ஒன்று இருந்தால் வீட்டிலேயே முடிந்துவிடும்.

எப்போது கடை?

கருகமணியை நான் வீட்டில் தொடமாட்டேன், கருப்பு நைலானில் கோத்த சாதா கருகமணியைத் தவிர. முஸ்லிம் வீடுகளில் அது கல்யாணத்தில் கட்டியது, தெலுங்கு வீடுகளில் நல்லபூசலு என்பார்கள். மணிக்கு மணி தங்கக் கம்பியில் கண்ணி போட்டு இணைத்திருந்தால் பத்தரிடம்தான் போகவேண்டும். தங்க குண்டும் முத்தும் மாறி மாறி வரும் சரம், ஐந்தாறு வரிசை ஒன்றாகச் சேரும் மாலை, கல் பதித்த பதக்கத்தில் துளை வழியாக நூல் போவது, இவையும் கடைக்குத்தான். கை வராததால் அல்ல. பல வரிசை மாலையில் ஒரு வரிசை இரண்டு மில்லிமீட்டர் நீண்டாலும் மொத்தமும் கோணும், அதைச் சமன் செய்யப் பழகிய கண் வேண்டும்.

கோத்துக் கொடுப்பவர்கள் சரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசுவார்கள். கூலிக்கு முன் நூலைப் பற்றிப் பேசுங்கள். "எதுல கோப்பீங்கண்ணே? நடுவுல முடிச்சு வருமா?" என்று கேட்டாலே, கேட்கிறவருக்கு விஷயம் தெரியும் என்று அவருக்குப் புரிந்துவிடும். முடிச்சில்லாமல் நரம்பில் கோப்பதென்றால் அதற்குச் சவுகார்பேட்டைவரை போகவேண்டிய அவசியமே இல்லை.

தங்கம் கலந்த மாலை என்றால் கொடுப்பதற்கு முன் எடை போட்டு, குண்டுகளை எண்ணி, போட்டோ எடுத்து, சீட்டில் எழுதி வாங்குங்கள். நிறைய இடங்களில் உட்கார்ந்தால் கண் முன்னாலேயே கோத்துத் தந்துவிடுவார்கள், அப்படியென்றால் காத்திருந்தே வாங்கி வாருங்கள். தையிலும் ஆவணியிலும் முகூர்த்தக் கூட்டம் மொய்க்கும். அவசரமில்லாத மாலையை ஆடியில் கொண்டுபோனால் ஆற அமரச் செய்து தருவார்கள். மிச்சம் வந்த மணிகளையும் பழைய கொக்கியையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.